சான்றிதழில் இல்லாத நண்டு

அமெரிக்க பார்மகோபியாவின் 86-ஆம் அத்தியாயம் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பாக்டீரியல் எண்டோடாக்சின் சோதனைக்கு, குதிரைலாட நண்டின் ரத்தம் இல்லாமல் தயாராகும் ரீகாம்பினன்ட் வினைப்பொருட்களைப் பயன்படுத்த அந்த நூலில் தனி அத்தியாயம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. ரீகாம்பினன்ட் ஃபேக்டர் சி என்ற ஆர்.எஃப்.சி.க்கும் இடம் உண்டு, மூன்று நொதிகளும் சேர்ந்த ரீகாம்பினன்ட் காஸ்கேட் ரீஏஜென்ட் என்ற ஆர்.சி.ஆருக்கும் இடம் உண்டு. அறிவிப்பு வெளியான நாளிலிருந்து வாசகர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: இப்போதே மாறலாமா, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா? மாற வேண்டும், இப்போதே தொடங்க வேண்டும் என்பது இந்த இதழின் நிலை.

முதலில் வேலைக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். அத்தியாயம் வந்துவிட்டதால், முறையின் அடிப்படைத் திறனை ஒவ்வொரு நிறுவனமும் தன் செலவில் அடியிலிருந்து நிரூபிக்க வேண்டிய சுமை குறைந்திருக்கிறது. பொருளுக்குப் பொருள் பொருத்தச் சோதனை செய்துதான் ஆக வேண்டும். மோனோகிராஃப்கள் இன்னும், நண்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் எல்.ஏ.எல். முறைக்கான 85-ஆம் அத்தியாயத்தையே சுட்டுவதால், ஒப்பீட்டுத் தரவு கோப்பில் தயாராக இருக்கட்டும். ஆர்.எஃப்.சி.க்குப் புளோரசென்ஸ் ரீடர் தேவை. அது இல்லாதவர்கள் ஆர்.சி.ஆரை எடுத்துக்கொண்டால் கையில் இருக்கும் குரோமோஜெனிக் ரீடரே போதும். இரண்டிலும் குளுக்கனுக்கு வினைபுரியும் ஃபேக்டர் ஜி கிடையாது. செல்லுலோஸ் ஃபில்டரிலிருந்து வரும் குளுக்கனால் பொய் பாசிட்டிவ் வந்து, ஒரு வாரம் விசாரணை நடத்தி, கடைசியில் பேட்சில் குறையே இல்லை என்று எழுதி மூடிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தத் தலைவலி இதில் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது? தண்ணீரிலிருந்து. ஊசி மருந்து ஆலையில் நடக்கும் எண்டோடாக்சின் சோதனைகளில் பெரும்பகுதி ஊசி மருந்துக்கான நீரின் (டபிள்யூ.எஃப்.ஐ.) மாதிரிகள்தான். குறுக்கீடு இல்லாத மேட்ரிக்ஸ், தினமும் தரவு சேரும், பதிவு ஆவணத்தைத் திருத்த வேண்டிய சிக்கலும் குறைவு. தண்ணீரையும் பொதுவான உற்பத்திப் பொருட்களையும் மட்டும் மாற்றினாலே எல்.ஏ.எல். பயன்பாடு 90 சதவீதம் குறையும் என்று 2018-இல் ப்ளோஸ் பயாலஜி இதழில் வந்த கட்டுரை மதிப்பிட்டது. இயற்கையான எண்டோடாக்சினை ஆர்.எஃப்.சி. குறைத்துக் காட்டுகிறது என்ற ஆட்சேபம் இருக்கிறது. அதை ஒதுக்கித் தள்ளச் சொல்லவில்லை. உங்கள் ஆலையின் நீரிலேயே இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். ட்ரெண்ட் ஒத்துப்போகிறதா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஃபேக்டர் சி மரபணுவை 1990-களில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங்கும் ஹோ போவும் பிரித்தெடுத்து, நண்டு இல்லாமலே தயாரித்துக் காட்டினார்கள். வணிகக் கிட் 2003-இல் சந்தைக்கு வந்தது. ஆர்.எஃப்.சி. கொண்டு வெளியீட்டுச் சோதனை செய்த மருந்துக்கு 2018-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. ஐரோப்பிய பார்மகோபியா 2021 ஜனவரி 1 முதல் ஆர்.எஃப்.சி. முறைக்கான 2.6.32-ஐ நடைமுறைப்படுத்தியது. அமெரிக்க நூலோ, 85-ஆம் அத்தியாயத்துக்குள்ளேயே இதைச் சேர்க்கும் வரைவை 2019-இல் வெளியிட்டு, 2020-இல் திரும்பப் பெற்றுக்கொண்டு, தனி அத்தியாயம் என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. அந்த ஐந்து ஆண்டுகளும் ஒரு விலங்கின் உடலிலிருந்து எடுத்த ஐந்து ஆண்டுகள்.

இந்த இதழ் நீண்ட காலமாகக் கேட்டுவரும் ஒன்று இங்கேதான் வருகிறது. உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கும் எல்.ஏ.எல். வயலுக்குரிய பகுப்பாய்வுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். லாட் எண் இருக்கும், காலாவதித் தேதி இருக்கும், உணர்திறன் அளவான லேம்டா இருக்கும், எந்த எண்டோடாக்சின் தரநிலை (சி.எஸ்.இ.) லாட்டுடன் பொருத்தியது என்பதும் அதன் வீரியமும் இருக்கும். அந்த லைசேட் எந்தக் கடற்கரையில், எந்த மாதத்தில், எத்தனை நண்டுகளிடமிருந்து எடுத்தது, அவற்றில் எத்தனை செத்தன என்று ஒரு வரி இருக்காது.

ஜெலட்டினுக்கு நாம் இப்படி விட்டுவிடுவதில்லை. பெப்டோனுக்கும் ஸ்டியரேட்டுக்கும்கூட விலங்கு எது, எந்த நாடு, எந்த உறுப்பு என்று டி.எஸ்.இ., பி.எஸ்.இ. நோய்கள் குறித்த உறுதிமொழி கேட்டு வாங்கிக் கோப்பில் வைக்கிறோம். ஒரு மாட்டின் பூர்வீகத்தைத் தேடிப்போகும் படிவம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. நண்டுக்கு மட்டும் அந்தப் படிவம் இல்லை. நோயாளிக்கு ஆபத்தில்லை, அது வெறும் வினைப்பொருள்தானே என்று பதில் வரும். நோயாளிக்கு ஆபத்தில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு காட்டு விலங்கின் ரத்தத்தை வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு, அந்த விலங்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் கடமை இல்லையா?

குதிரைலாட நண்டு நண்டே அல்ல, சிலந்திக்கும் தேளுக்கும் உறவு என்பது நம் துறையில் எல்லோருக்கும் தெரியும். 44 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட தொல்லெச்சம், பத்துக் கண்கள், காற்றுப் பட்டதும் நீலமாகும் செம்பு ரத்தம் என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பின் முதல் ஸ்லைடில் போட்டுவிடுகிறோம். இரண்டாம் ஸ்லைடை யாரும் போடுவதில்லை. படகிலிருந்து இறக்கி, லாரியில் ஏற்றி, ஓட்டைக் கழுவி, உடல் மடங்கும்படி சட்டத்தில் வரிசையாகக் கட்டுகிறார்கள். ஓட்டின் இரு பகுதிகள் சேரும் மெல்லிய சவ்வின் வழியே ஊசி நேராக இதயத்துக்குள் போகிறது. ரத்தம் தானாகச் சொட்டி நிற்கும்வரை புட்டியில் வடிகிறது. உடலில் உள்ள ரத்தத்தில் முப்பது சதவீதம்வரை போய்விடலாம். பிறகு திரும்பக் கடலில் விடுகிறார்கள். ரத்தத்தின் அளவு சில நாட்களில் சேர்ந்துவிடும், ரத்த அணுக்களான அமீபோசைட்டுகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும். நமக்கு வேண்டியது அந்த அமீபோசைட்டுதான். தன்னைக் கிருமியிடமிருந்து காக்க நண்டு வைத்திருப்பதும் அதுதான். அது குறைந்த உடம்போடுதான் சேறு நிறைந்த கழிமுகத்துக்குத் திரும்புகிறது.

எத்தனை சாகின்றன? அமெரிக்க அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு ஆலையிலும் எண்ணிப் பார்த்து வந்த எண் அல்ல அது, வெவ்வேறு ஆய்வுகளின் நடுவில் எடுத்துக்கொண்ட அனுமானம். மாசசூசெட்ஸ் கடற்கரையில் பெண் நண்டுகளை வைத்துச் செய்த ஆய்வில் 22 முதல் 30 சதவீதம்வரை செத்தன. பிழைத்தவற்றின் கதை தனி. நியூ ஹாம்ப்ஷயர் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தம் எடுத்த பெண் நண்டுகள் மந்தமாகிவிட்டன, அவற்றின் ரத்தப் புரதமான ஹீமோசயனின் குறைந்தது, ஓதத்தோடு ஒத்து நடமாடும் தாளமும் தளர்ந்தது. கரையேறி முட்டையிட அந்தத் தாளம்தான் வேண்டும். பத்து வயதில்தான் பருவமடையும் விலங்கு ஒரு முட்டையிடும் பருவத்தைத் தவறவிட்டால், அது எந்த இறப்புக் கணக்கிலும் சேராது.

அதே ஆணையம் 1998-இல் எழுதிய திட்டத்தில், மருத்துவப் பயன்பாட்டால் ஆண்டுக்கு 57,500 நண்டுகளுக்கு மேல் செத்தால் நடவடிக்கை பற்றி ஆலோசிக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. 2007 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் அந்த வரம்பு மீறப்பட்டது. ஆலோசித்தார்கள். பிடிப்பு ஏறிக்கொண்டே போனது. 2004-இல் மூன்றரை லட்சத்தைத் தொடாத எண், கடந்த சில ஆண்டுகளில் பத்து லட்சத்தை எட்டும் அளவுக்கு வந்திருக்கிறது. மீன் இரைக்காகப் பிடித்ததுதான் 1990-களின் பெரிய அழிவு. அதற்கு ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். டெலவேர் விரிகுடாவின் பெண் நண்டுகளை இரைக்குப் பிடிக்க 2013 முதல் ஒதுக்கீடு பூஜ்யம். நாம் வாங்கும் வயலுக்காகப் பிடிப்பதற்கு ஆணையத்தின் ஒதுக்கீடே கிடையாது.

எந்த மாநிலத்தில் எத்தனை என்று கேட்டால் ரகசியம் என்கிறார்கள். மூன்றுக்கும் குறைவான நிறுவனங்கள் இருக்கும் இடத்தில் தரவை வெளியிட்டால் ஒரு நிறுவனத்தின் வணிகம் தெரிந்துவிடுமாம். அதனால் கடற்கரை முழுவதற்கும் சேர்த்து ஒரே எண். எந்தக் கழிமுகம் காலியாகிறது என்று அந்த எண்ணை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஒரு வினைப்பொருள் விநியோகஸ்தரிடம் இந்த இதழ் சார்பில் நண்டு பிடித்த இடமும் இறப்பு விகிதமும் கேட்டு எழுதினோம். வணிக ரகசியம் என்ற இரண்டு வரிப் பதிலோடு, தள்ளுபடி விலைப்பட்டியலும் வந்தது.

இது நண்டோடு நிற்கவில்லை. தென் அமெரிக்காவின் முனையான டியர்ரா டெல் ஃபூகோவிலிருந்து கனடாவின் ஆர்க்டிக் வரை பறக்கும் செந்நிற உள்ளான், மே மாதத்தில் டெலவேர் விரிகுடாவில் இறங்கி, நண்டு முட்டைகளைத் தின்று சுமார் இரண்டே வாரத்தில் எடையை இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. அந்த எடை சேராத பறவை கூடு கட்டும் இடம் போய்ச் சேர்ந்தாலும் குஞ்சு பொரிக்கத் தெம்பிருக்காது. 1980-களில் டியர்ரா டெல் ஃபூகோவில் ஐம்பதாயிரத்துக்கு மேல் எண்ணப்பட்டவற்றில் இன்று சிறுபகுதியே மிஞ்சியிருக்கிறது. 2014-இல் அமெரிக்கா அதை அழியும் ஆபத்தை நோக்கிச் செல்லும் இனமாக அறிவித்தது. பறவைக்குச் சட்டம் உண்டு. பறவையின் சாப்பாட்டைத் தரும் நண்டை ரத்தத்துக்காகப் பிடிக்க ஆணையத்தின் ஒதுக்கீடு இல்லை.

ஆசியாவின் நிலை இதைவிட மோசம். எல்.ஏ.எல்.லுக்கு ஆசிய இணையான டி.ஏ.எல். தரும் டாக்கிப்ளியஸ் ட்ரைடென்டேட்டஸ் என்ற நண்டு 2019-இல் ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனமாகச் சேர்ந்தது. அமெரிக்காவில் பெயருக்காவது திரும்பக் கடலில் விடுகிறார்கள். ஆசியாவிலோ ரத்தம் எடுத்த நண்டு உணவாகவும் கைட்டினாகவும் விற்கப்பட்டிருக்கிறது. நம் வங்கக் கடலில், ஒடிசாவிலும் சுந்தரவனத்திலும் இரண்டு இனங்கள் வாழ்கின்றன. வனவிலங்குச் சட்டம் 2009 முதல் அவற்றுக்குப் பாதுகாப்புத் தந்திருக்கிறது. அவற்றில் ஒன்றான கார்சினோஸ்கார்ப்பியஸ் ரோட்டண்டிகாடாவின் மரபணுவிலிருந்துதான் முதல் ஆர்.எஃப்.சி. பிறந்தது. அலையாத்திக் காட்டுச் சேற்றில் ஊரும் அந்தச் சிறு உயிர், தன் இனத்தைக் காப்பாற்றும் வழியையும் நமக்குத் தந்து சுமார் முப்பது ஆண்டுகள் ஆகின்றன. எடுத்துக்கொள்ளாமல் இருந்தவை ஒழுங்குமுறை அமைப்புகள்.

ஆலைக்கு வரும் தணிக்கையாளர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்.எஃப்.சி.க்கு மாறிய ஆய்வகத்திடம் ஏன் மாறினீர்கள் என்று பத்துக் கேள்வி கேட்கிறீர்கள். எல்.ஏ.எல்.லிலேயே இருக்கும் ஆய்வகத்திடம் ஏன் மாறவில்லை என்று ஒரு கேள்விகூட இல்லை. மாற்றம் என்றாலே ஆபத்து, பழையது என்றாலே பாதுகாப்பு என்ற இந்தப் பழக்கத்தால்தான், முயல் சோதனையிலிருந்து எல்.ஏ.எல்.லுக்கு வரவும் இத்தனை இழுபறி நடந்தது. எஃப்.டி.ஏ. 1977-இல் அனுமதித்த பிறகும் எத்தனை ஆலைகளில் முயல் கூண்டுகள் ஆண்டுக்கணக்கில் இருந்தன என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

ஆகவே இந்த இதழின் கோரிக்கைகள். ஆய்வகங்கள் இந்த நிதியாண்டுக்குள் நீர் மாதிரிகளுக்கு ரீகாம்பினன்ட் முறையின் பொருத்தச் சோதனையைத் தொடங்க வேண்டும். பார்மகோபியாக் குழுக்கள் 85-ஐச் சுட்டும் மோனோகிராஃப்களில் 86-ஐயும் சேர்க்க வேண்டும். மாறும்வரை வாங்க வேண்டிய எல்.ஏ.எல்.லுக்கு, பிடித்த இடம், பருவம், பால் விகிதம், இறப்பு எண்ணிக்கை ஆகியவை சான்றிதழில் கட்டாயமாக வேண்டும். அதை உத்தரவாகப் போட அதிகாரிகளுக்கு மனமில்லையென்றால், கொள்முதல் செய்யும் நாம் போடலாம். டி.எஸ்.இ. படிவத்தை யாரும் நமக்கு இலவசமாகத் தரவில்லை, ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் வாங்குகிறோம். அடுத்த கொள்முதல் ஆணையிலேயே நண்டுக்கும் அதுபோன்ற படிவத்தைக் கேளுங்கள். பதில் தராத விநியோகஸ்தரின் பெயரை உங்கள் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.