விளையாட்டிலிருந்து விலக்கப்படும் சலரோகப் பிள்ளைகள்

சலரோகம் நாற்பது வயதைத் தாண்டியவர்களின் வருத்தம் என்ற எண்ணம் எமது கிராமங்களில் இன்னும் மாறவில்லை. கிளினிக் வரிசையில் பாடசாலைச் சீருடையோடு ஒரு பிள்ளை நின்றால், தாய்க்கோ பேத்திக்கோ துணையாக வந்திருக்கிறது என்றே பலரும் நினைக்கின்றனர். ஆனால் உலகிலேயே முதன்முதல் இன்சுலின் ஊசி ஏற்றப்பட்ட சலரோக நோயாளி ஒரு பதினான்கு வயதுச் சிறுவன். 1922 ஜனவரியில் கனடாவின் ரொறன்ரோ நகரில் அது நடந்தது. அதற்கு முன்னர் அந்த வயதில் இந்நோய் கண்டால் கிடைத்தது பட்டினிப் பத்தியமும் விரைவில் வரும் சாவுமே. இன்று அப்படியல்ல. எமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கின்றது. பிள்ளை உயிர் வாழ்கின்றது. எப்படி வாழ்கின்றது என்பதே இனிக் கேட்கவேண்டிய கேள்வி.

பிள்ளைகளில் அதிகம் காணப்படுவது முதலாம் வகை. இதில் உடலில் இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். ஊசியின்றி உயிர் தரிக்க முடியாது. பெரியோருக்கு வரும் இரண்டாம் வகை, உடற்பருமன் கூடிய கட்டிளமைப் பருவத்தினரிலும் இப்போது தலைகாட்டுகின்றது. இரு சாராருக்கும் உடற்பயிற்சி வேண்டும். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துக்கொள்கின்றது. இன்சுலினும் நன்றாக வேலை செய்கின்றது. பிற்காலத்தில் இருதயத்துக்கு வரக்கூடிய கேடு குறைகின்றது. 5 முதல் 17 வயதுவரை உள்ள எல்லாப் பிள்ளைகளும் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலை உழைக்கவைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. சலரோகப் பிள்ளைக்கும் அளவு அதுவே. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். வியர்க்க ஓடினால் ஊசியை விட்டுவிடலாம் என்று சிலர் கதைப்பது உயிராபத்தான கதை. முதலாம் வகைக்காரருக்கு ஊசிக்குப் பதிலாக எந்த ஓட்டமும் இல்லை.

இவையெல்லாம் கிளினிக்கில் சொல்லப்படுகின்றன. "தினமும் அரை மணித்தியாலம் நட" என்று ஏட்டில் எழுதியும் விடுகிறார்கள். ஐம்பது வயதுக்காரர் அதைக் கேட்டு விடியற்காலையில் வீதியில் இறங்குவார். பதினைந்து வயதுப் பிள்ளை இறங்குமா? எமது ஊர்களில் காரணமின்றி வீதியில் தனியே நடப்பது ஓய்வூதியக்காரரின் வேலை. பையன் நடந்தால் "எங்கேயடா போறாய்?" என்று நான்கு பேர் கேட்பார்கள், பெட்டைப்பிள்ளை நடந்தால் கேட்காமலே கதை கட்டுவார்கள். முதல் கிழமை நடப்பார்கள், இரண்டாம் கிழமை மழை வரும், மூன்றாம் கிழமை தவணைப் பரீட்சை. அத்தோடு முடிந்தது. பிறகு "பிள்ளைக்குப் பொறுப்பில்லை" என்று குறை சொல்கிறோம்.

அந்த வயதில் ஒரு பிள்ளையை நாள்தோறும் வீட்டுக்கு வெளியே இழுப்பது தோழமை. கரப்பந்தாட்டத்துக்கு ஆறாவது ஆளாக ஒருவன் வேண்டும் என்று மதிலுக்கு மேலால் கூப்பிடும் குரலுக்கு இருக்கும் பலம் எந்த வைத்தியரின் எழுத்துக்கும் கிடையாது. மருந்தாகக் கொடுக்கப்பட்ட உடற்பயிற்சி நிலைப்பதில்லை, விளையாட்டு நிலைக்கும். ஆனால் சலரோகம் என்று தெரிந்த மறுநாளே நாம் செய்வது என்ன? அந்தப் பிள்ளையை விளையாட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம். ஆசிரியர் பயத்தில் மர நிழலில் இருத்துகிறார். தாய் பாசத்தில் வீட்டில் இருத்துகிறாள். மிச்ச நேரத்தை ரியூசன் எடுத்துக்கொள்கிறது. ஓடவேண்டும் என்று வைத்தியர் சொன்ன பிள்ளையை ஊரே சேர்ந்து உட்காரவைத்துவிடுகின்றது.

இதைவிடப் பெரிய தடை ஒன்றுண்டு. அது மறைப்பு. ஒரு பங்கில் வலைப்பந்தாட்ட அணியில் ஆடிய பிள்ளை ஒன்றுக்கு முதலாம் வகைச் சலரோகம் என்று கண்டார்கள். பெற்றோர் பாடசாலைக்குச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டபோது, "பெட்டைப்பிள்ளை பாதர், நாளைக்கு ஒரு காரியம் பேசேக்க இது நிற்கும்" என்றார் தாய். பிள்ளை யாருக்கும் சொல்லாமல் ஊசி போட்டுக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் விளையாடியது. ஒரு மாலை கை நடுங்கி, வியர்த்து, பந்தை விட்டுவிட்டு நின்றது. வெயில் களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். சீனி இறங்கியவருக்குத் தண்ணீர் என்ன செய்யும்? பக்கத்து வீட்டிலிருந்து வந்த இனிப்புத் தேநீர்தான் காப்பாற்றியது. அன்றோடு தாய் அணியிலிருந்து பிள்ளையை நிறுத்திவிட்டார், விளையாட்டுத்தான் விழுத்தியது என்ற முடிவோடு. விழுத்தியது விளையாட்டல்ல. அணியில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். கலியாணத்துக்காக மறைத்த நோய், கலியாண வயதுக்கு முன்னரே பிள்ளையை முடக்கிவிடுகின்றது. பின்னர் மறைத்தது வெளிவரும்போது அந்தக் குடும்பம் படும் பாட்டையும் எமது பங்குகளில் நாம் பார்க்காமல் இல்லை.

ஆகவே விளையாட்டுப் பொறுப்பாளர் ஒருவரும் நெருங்கிய தோழர் இருவரும் அறிந்திருக்க வேண்டும். அவர்கள் படிக்கவேண்டியது அதிகமில்லை. நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, காரணமற்ற கோபம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியன சீனி இறங்குவதன் அடையாளங்கள். மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுத்தால் போதும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுக்கவேண்டும். சொக்கிளேற் கொடுப்பது நல்லதல்ல. அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதிக்கும். பனங்கட்டி உதவும். (பனங்கட்டி சலரோகத்துக்குக் கெடுதியில்லை என்று நம்பி நாள்தோறும் தேநீரோடு கடிப்பவர்கள் கவனிக்க. அதுவும் சீனிதான், அதனால்தான் இங்கே உதவுகின்றது.) நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துக் கிடத்தி, 1990 இலக்கத்துக்கு அழைக்கவேண்டும்.

பிள்ளையும் சிலவற்றைப் பழகவேண்டும். விளையாட முன் குத்திப் பார்க்கும்போது 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இறங்குவது. 250க்கு மேலே நின்று, வயிற்றுப்புரட்டல் அல்லது உடம்புக்குச் சுகவீனம் இருந்தால் அன்று ஓடாமல் வைத்தியரிடம் போவது. ஓடப்போகும் நாளில் தொடையில் ஊசி போடாமல் வயிற்றில் போடுவது. ஊசியின் அளவைக் குறைப்பதா என்பதைக் கிளினிக்கில் கேட்டே முடிவு செய்வது. கடும் விளையாட்டுக்குப் பின்னர், அன்றிரவு நித்திரையிலும் சீனி இறங்கக்கூடும் என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. இறுதிப்போட்டி ஆடிவிட்டு வந்த பிள்ளையைச் சாப்பிடாமல் படுக்க விடக்கூடாது.

வாசிம் அக்ரத்துக்கு 1997இல் சலரோகம் கண்டது. அதன்பின் ஆறு வருடம் வேகப்பந்து வீசினார். 2003 உலகக் கிண்ணத்தில் ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெற்றுகளை எட்டினார். எமது பையன்களுக்கு இப்பெயர் தெரியாது. தகப்பன்மாருக்குத் தெரியும், அவர்களே வீட்டில் சொல்லட்டும்.

பங்குகளுக்கும் இதில் வேலை உண்டு. புனித தொன் போஸ்கோ இளைஞர்களைத் தேடியபோது செபக்கூடத்தோடு விளையாட்டு முற்றத்தையும் வைத்தார் என்பதை ஜனவரி 31இல் மறையுரையில் சொல்கிறோம். பெப்ரவரியில் மறந்துவிடுகிறோம். வெயில் தணிந்து இருள் சூழும் வரை எமது பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரு மணித்தியாலம். அந்த நேரத்தில் பாடகர் குழாம் ஒத்திகை, மறைக்கல்வி, கூட்டம் ஒன்றும் வைக்காமல் மைதானத்துக்கு விடுவதற்குக் குருக்கள் ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ரியூசன்காரரைக் குறை சொல்ல முன்னர் இதைச் செய்யலாம். பெரிய பிள்ளையான பெட்டைகளுக்குத் தெருவோர மைதானம் சரிவராது என்று வீட்டார் சொன்னால், கன்னியர் மடத்து முற்றமோ ஆலய வளவோ இருக்கிறது. ஒரு வலையும் பந்தும் போதும்.

தவக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருச்சபைச் சட்டத்தின்படி நோன்புக் கடமை 18 வயது நிறைந்த பின்னரே தொடங்குகின்றது. ஊசி போடும் பிள்ளை பெரிய வெள்ளியன்று வெறும் வயிற்றோடு சிலுவைப் பாதையில் நடக்கவேண்டும் என்று திருச்சபை கேட்கவில்லை, பாட்டிமார்தான் கேட்கிறார்கள். மடுவுக்கு நடந்து போகும் கூட்டத்தில் அந்தப் பிள்ளையும் தாராளமாகப் போகலாம். கையில் சீனியும் சாப்பாடும், வெயில் படாமல் பொதிந்த இன்சுலினும், விஷயம் தெரிந்த ஒருவரும் கூடப் போகவேண்டும்.

கடைசியாகக் காசு. இன்சுலின் இலவசம் என்றாலும் வீட்டில் இரத்தம் பார்க்கும் கருவியையும் அதற்கான பட்டிகளையும் பெரும்பாலும் குடும்பமே வாங்குகின்றது. கூலிவேலை செய்யும் தகப்பன் பட்டியை மிச்சம் பிடிப்பார். பார்க்காமல் விளையாட விடப் பயம். ஆகவே விளையாட்டையே நிறுத்துவார். திருநாளுக்கு வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவது பற்றி, அடுத்த திருநாள் கணக்குப் போட முன்னர் ஆலயச் சபைகள் கூடிப் பேசவேண்டும்.