வெற்றுத் தாளில் கைநாட்டு வேண்டாம்

நடவுக்கும் களையெடுப்புக்கும் லோடு வண்டியில் நின்றுகொண்டே போகிறவர்கள் யார்? சித்தாள் வேலை முடிந்து, இருட்டியபின் நெடுஞ்சாலையோரம் நடந்து திரும்புகிறவர்கள் யார்? பெரும்பாலும் நம் தெருக்காரர்கள்தான். வண்டி கவிழ்ந்தால் மறுநாள் செய்தித்தாளில் ஒரு பத்தி வருகிறது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் என்ன ஆனது என்று யாரும் எழுதுவதில்லை.

நடப்பது இதுதான். அரசு மருத்துவமனையில் காலில் கட்டுடன் படுத்திருப்பவரிடம் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் வண்டி உரிமையாளரின் ஆள். "ஊருக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம். நாளைக்கும் நம்ம நிலத்துக்குத்தானே வேலைக்கு வரணும்" என்கிறார். மற்றவர் தரகர். "எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம், இங்கே மட்டும் கைநாட்டு வைங்க" என்று எழுதாத தாளை நீட்டுகிறார். முதலாமவர் சில ஆயிரங்களோடு புகாரையே இல்லாமல் செய்துவிடுகிறார். இரண்டாமவர் வழக்குப் போடுகிறார். ஆனால் வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்கிறது, வாதாடுவது யார், எவ்வளவு தீர்ப்பானது, அதில் எவ்வளவு பிடித்துக்கொண்டார்கள் என்று எதுவும் குடும்பத்துக்குத் தெரிவதில்லை.

இழப்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 32 வயதுக் கூலித் தொழிலாளி ஒருவர். மாத வருமானம் 10,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. விபத்தால் உழைக்கும் திறனில் 40 சதவீதம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறைப்படி, எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 14,000. அதை 12 மாதத்தாலும், அந்த வயதுக்குரிய 16 என்ற பெருக்கத்தாலும் பெருக்கி, அதில் 40 சதவீதம் எடுத்தால் 10,75,200 ரூபாய் வருகிறது. மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்குமான தொகை ஆகியவை இதற்கு மேல். பத்து லட்சத்துக்கு மேல் வர வேண்டிய இடத்தில்தான் சில ஆயிரங்களுக்குக் கைநாட்டு கேட்கிறார்கள்.

"கூலிக்காரனுக்குச் சம்பளச் சீட்டு ஏது?" என்று கேட்டு நம்மை அடக்குவதும் உண்டு. 2011-இல் ராமச்சந்திரப்பா வழக்கில், கூலி வேலை செய்த ஒருவர் ஆவணம் இல்லாமல் சொன்ன மாத வருமானத்தை உச்ச நீதிமன்றம் நியாயமானது என்று ஏற்றது. 2010-இல் ராஜ்குமார் வழக்கில், மருத்துவர் எழுதும் ஊன சதவீதத்தை அப்படியே எடுக்காமல், அந்த ஊனம் அவர் செய்த வேலையை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்கச் சொன்னது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குக் கால் ஊனம் ஒரு மாதிரி; சேற்றில் இறங்கி நடுபவருக்கு அது பிழைப்பே போவது. இதைத் தீர்ப்பாயத்தில் எடுத்துச் சொல்லத்தான் நமக்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும்.

அந்த வழக்கறிஞரை நாமே தேட வேண்டும். நாம் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடச் சட்டம் இடம் தருகிறது. எனவே டவுன் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய வழக்கறிஞரே நமக்கு நல்லது. விபத்து நடந்த இடத்தையும், பார்த்த சாட்சிகளையும் அவரால் நேரில் விசாரிக்க முடியும். வார்டுக்கு ஆள் அனுப்பி வழக்குப் பிடிப்பதும், தீர்ப்பில் இத்தனை சதவீதம் தனக்கு என்று பேசுவதும் இந்திய பார் கவுன்சில் விதிகளுக்கு எதிரானவை. கட்டணத்தை முன்பே பேசி, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். வக்காலத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். மனுவின் நகலும் வழக்கு எண்ணும் வீட்டில் இருக்கட்டும். வங்கிப் புத்தகத்தையும் காசோலையையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

கட்டணம் கொடுக்க வழியில்லை என்பவர்கள் கவலைப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12-ஆவது பிரிவில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச வழக்கறிஞரை உரிமையாகத் தருகிறது. இதற்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வட்ட அளவிலும் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இலவசம் என்பதால் வழக்கறிஞர் அக்கறையில்லாமல் நடத்தினால், ஆணைக்குழுவிலேயே மனுக் கொடுத்து வேறு ஒருவரைக் கேளுங்கள்.

முதல் நாட்களில் எழுதப்படும் காகிதங்கள் வழக்கின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. லோடு வண்டியில் பயணியாக ஏறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002-இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வண்டி உரிமையாளரின் ஆளாகச் சரக்கு ஏற்றி இறக்கப் போனவரின் நிலை வேறு. அப்படிப் போனவரையும் 'சும்மா ஏறி வந்தவர்' என்று எழுதிவிட்டால், பின்னால் அதை மாற்றுவது கடினம். எனவே எதற்காக வண்டியில் போனோம் என்ற உண்மையைப் போலீசாரிடம் தெளிவாகச் சொல்லி, எழுதியதை வாசிக்கக் கேட்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் வழி உண்டு. இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று 2022-ஆம் ஆண்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. வருவாய்த் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்ற திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. கெடு தாண்டிவிட்டது என்று தானாகவே கைவிடவும் வேண்டாம். வழக்கறிஞரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வண்டியும் நிலமும் ஒருவரிடமே இருக்கும் ஊரில் புகார் கொடுப்பது எளிதல்ல என்பது நமக்குத் தெரியும். நாளைய கூலி அவர் கையில் இருக்கிறது. அதனால்தான் ஒரு குடும்பத்தைத் தனியாக விடக் கூடாது. காவல் நிலையத்துக்குத் தெருவிலிருந்து நான்கு பேர் கூடப் போக வேண்டும். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினாலோ மிரட்டினாலோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிப் புகாருக்கு வழி உண்டு.

கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவில் யாராவது அடிபட்டால், அன்று மாலையே அந்தக் கட்டிலருகே போய் நில்லுங்கள். நீட்டப்படும் தாளை வாங்கி வாசித்துக் காட்டுங்கள். எழுதாத தாளாக இருந்தால், பெரியம்மாவின் கட்டைவிரலில் மை படுவதற்கு முன் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.