கம்பி கழன்ற பின்னர்

வளர்ந்தவர்கள் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொள்வதும், அதனோடு தாடையில் அறுவை சிகிச்சை செய்துகொள்வதும் இன்று நம் பங்குக் குடும்பங்கள் கேட்டறியாத செய்தியன்று. ஈராண்டோ அதற்கு மேலோ கம்பியைச் சுமந்த வாய் ஒரு நாள் அதனின்று விடுபடுகிறது. வீட்டார் மகிழ்கின்றனர், "ஒருவழியாக எல்லாம் முடிந்தது" என்று பெருமூச்சு விடுகின்றனர். உண்மையிலேயே எல்லாம் முடிந்துவிட்டதா? இத்திங்கள் அதனைக் குறித்துச் சிந்திப்போம்.

முதற்கண் ஓர் ஐயத்தை அகற்றுதல் நன்று. "இந்த வயதில் இந்த அலங்காரம் எதற்கு?" என்று கேட்போர் உளர். கீழ்த்தாடை மிகுதியாக முன்வந்தோ பின்தங்கியோ இருப்பின் மேற்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்துவதில்லை. முன்பற்களால் ஒரு வடையைக் கடிக்கவும் இயலாதோர் உண்டு. சில சொற்களைத் தெளிவாக ஒலிக்க இயலாதோரும் உண்டு. எலும்பு வளரும் பருவமாயின் தாடையின் வளர்ச்சியை ஓரளவு நெறிப்படுத்தலாம். வளர்ச்சி நின்ற பின்னரோ, கம்பி பற்களை நகர்த்துமேயன்றித் தாடையெலும்பை இடம் மாற்றாது. ஆகவேதான் அறுவை தேவைப்படுகிறது.

"இறைவன் தந்த முகத்தை மாற்றலாமா?" என்பது மற்றோர் ஐயம். திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், தாம் இறப்பதற்கு ஐந்து நாள்களுக்கு முன், 1958 அக்டோபர் 4-ஆம் நாள், இத்தாலிய பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களிடம் இதுபற்றி உரையாற்றினார். உடலழகு ஒரு நன்மையே. எனினும் அது தலையாய நன்மையன்று. இத்தகைய அறுவை தன்னளவில் தீதன்று. நோக்கமும் சூழ்நிலையுமே அதன் தகுதியை முடிவு செய்யும். இதுவே அவ்வுரையின் சாரம். உண்ணவும் பேசவும் வழிதேடும் ஒருவரை வீண் பெருமைக்காரர் என இகழ நமக்கு உரிமையில்லை.

தாடை அறுவையின் தொடக்க வரலாற்றிலும் நம் திருச்சபைக்குத் தொடர்புடைய செய்தியொன்று உண்டு. சிறுவயதில் தீப்புண்பட்டு, தழும்பு இழுத்ததால் கீழ்த்தாடை கோணிப்போன இளம்பெண் ஒருவருக்கு, அமெரிக்காவின் வீலிங் நகரில் மருத்துவர் சைமன் ஹல்லிஹென் தாடையெலும்பை அறுத்துச் சீராக்கினார். அச்செய்தியை அவர் 1849-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அவரும் அந்நகரின் கத்தோலிக்க ஆயர் ரிச்சர்டு வீலனும் சேர்ந்து அங்கே ஒரு மருத்துவமனையை நிறுவினர். பின்னர் புனித சூசையப்பர் சபைக் கன்னியர் அதில் பணி புரிந்தனர். தாடை திருத்தும் கலையும் நோயுற்றோரைப் பேணும் அறமும் அவ்வூரில் இணைந்தே வளர்ந்தன.

இன்றும் சிகிச்சையின் வழி நெடிது. முதலில் பற்களை அவ்வத் தாடையில் நேராக்குவர். அக்காலத்தில் முகத்தின் பொருத்தமின்மை முன்னிலும் மிகுதியாகத் தோன்றக்கூடும். தாடையின் குறையை மறைக்குமாறு சாய்ந்து நின்ற பற்கள் நிமிர்வதே அதற்குக் காரணம். பின்னர் மயக்க மருந்து கொடுத்து, பெரும்பாலும் வாயின் உட்புறமாகவே எலும்பை அறுத்து நகர்த்தி, டைட்டானியத் தகடும் திருகும் கொண்டு பொருத்துவர். முகம் வீங்கும். சில வாரங்கள் கஞ்சியும் மசித்த உணவுமே கதி. கீழுதடும் மோவாயும் மரத்துப் போகலாம். பலருக்கு அவ்வுணர்வு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும். சிலருக்கு ஓரளவு நிலைத்தும் விடும். அதன் பின்னரும் பற்கள் செவ்வையாகப் பொருந்தச் சில மாதங்கள் கம்பி இருத்தல் வேண்டும்.

கழற்றும் நாளோ எளிதானது. பல்லில் ஒட்டிய சிறு பிடிகளைக் குறடால் நெருக்கி விடுவிப்பர். எஞ்சிய பசையைத் தேய்த்து அகற்றி மெருகேற்றுவர். நாவுக்குப் பற்கள் வழுவழுவென்று புதுமையாய்த் தோன்றும். அதே வேளையில் மருத்துவர் ரிடெய்னர் என்னும் நிலைநிறுத்தும் சாதனத்துக்கு ஏற்பாடு செய்கிறார். வீட்டார் கவனிக்கத் தவறுவது இதனையே.

பற்கள் சுவரில் அறைந்த ஆணிகள் அல்ல. நுண்ணிய நார்களே அவற்றை எலும்போடும் ஈறோடும் பிணைக்கின்றன. பல் நகர்ந்தபோது இழுபட்ட ஈற்று நார்கள் புதிய இடத்துக்குப் பழக ஓராண்டும் ஆகலாம். அதுகாறும் பழைய இடத்துக்கே பல்லை இழுக்கும். வயது ஏற ஏறப் பற்கள் சிறிது நகர்வதும் இயல்பே. ஆகவே மருத்துவர் சொன்ன காலம்வரை நாள் முழுதும், பின்னர் இரவுதோறும், பல்லாண்டு ரிடெய்னரை அணிதல் வேண்டும்.

நாம் அறிந்த ஆசிரியை ஒருவர் முப்பத்தெட்டாம் வயதில் இச்சிகிச்சையை மேற்கொண்டார். ஆறு வாரங்கள் அவர் மாமியார் கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தார். கணவர் இரவில் விழித்திருந்து ஒத்தடம் வைத்தார். கம்பியும் கழன்றது. பின்னர் ஒரு திருமண வீட்டில் உறவினர், "எல்லாம்தான் கழற்றியாயிற்றே, வாயில் இன்னும் என்ன?" என்று நகைத்தனர். மாமியாரும், "போதும் அம்மா, எத்தனை நாள் இப்படி?" என்றார். ரிடெய்னர் பெட்டிக்குள் போயிற்று. நான்கு மாதங்கள் சென்று எடுத்து மாட்டியபோது அது பொருந்தவில்லை. கீழ்வரிசையில் ஒரு பல் திரும்பியிருந்தது. மீண்டும் சில மாதங்கள் அவ்வரிசையில் கம்பி கட்ட நேர்ந்தது.

அவ்வீட்டார் அன்பில்லாதவர் அல்லர். பெருந்துன்பத்தில் உறுதியாகத் துணைநின்றவர்களே, சிறு கடமை நாள்தோறும் தொடர்ந்தபோது சலித்துவிட்டனர். இக்குறை பல் விஷயத்தில் மட்டுமா? மதுவை விட்ட கணவருக்கு முதல் மாதம் ஊரே துணை. ஆறாம் மாதம், "ஒரு நாள்தானே" என்று அழைப்பவரும் அதே ஊராரே. தவக்காலத் தியானத்தில் கண்ணீரோடு ஒப்புரவானவர்கள் ஆடி மாதத்தில் பழைய பகைக்குத் திரும்புவதையும் காண்கிறோம். கூட்டிப் பெருக்கி ஒழுங்குபடுத்திய வீட்டுக்குத் தீய ஆவி ஏழு துணைகளோடு திரும்பியதை நம் ஆண்டவர் எடுத்துரைத்தது, சீர்ப்படுத்தியதைக் காத்தலும் நம் கடமை என்று உணர்த்துவதற்கன்றோ?

ஆகவே இத்தகையோர் உள்ள வீட்டார்க்குச் சில சொற்கள். அவர் முகத்தைப் பற்றி நாள்தோறும் கருத்துரைக்காதீர்கள்; கண்ணாடியில் தம் முகமே தமக்குப் புதிதாய்த் தோன்றும் காலம் அது. மரத்த உதட்டின்மேல் உணவு ஒட்டியிருப்பதை அவர் உணராதிருக்கலாம், பிறரறியாமல் சொல்லுங்கள். விருந்தில் ரிடெய்னரைக் காகிதத்தில் பொதிந்து இலையருகே வைக்க விடாதீர்கள். எச்சிலிலையோடு அதுவும் போய்விடும். வெந்நீரில் இடாதீர்கள், உருக்குலையும். இறுக்கமாயிருப்பின் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

அந்த ஆசிரியையின் மாமியார் இப்பொழுது இரவு குடும்பச் செபமாலை முடிந்தவுடன், "ஏம்மா, மாட்டிக்கொண்டாயா?" என்று தவறாது கேட்கிறாராம். திருந்திய ஒருவரைத் திருந்திய நிலையிலேயே காப்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் இப்படிக் கேட்கும் ஒருவர் வேண்டும். நம் இல்லத்தில் அப்பணியை ஏற்கும் பொறுமையை இறைவன் நமக்கு அருள்வாராக!