மறு காலும் முன்னே வரட்டும்

2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளின்போது பிடோக் நீர்த்தேக்கத்தில் நடைபெற்ற வேக்போர்டிங், நம் மாணவர்களுக்குப் புதிதல்ல. இடக்காலை முன்வைத்துச் சறுக்குபவர் ‘ரெகுலர்’, வலக்காலை முன்வைப்பவர் ‘கூஃபி’. கால் மாற்றிச் சறுக்குவது ‘ஸ்விட்ச்’. ஓரளவு தேறியவர்கள் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். நண்பர்கள் முன்னிலையில் மீண்டும் கத்துக்குட்டியாகத் தடுமாற யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆனால், தாவி 180 பாகை திரும்பி இறங்கினால் மறு கால்தான் முன்னே இருக்கும். அந்நிலையில் நிற்கப் பழகாதவர், தாவல் சரியாக அமைந்தும் தண்ணீரில் விழுவார். ஆகவே, தாவக் கற்பதற்கு முன்பே ஸ்விட்ச் பழக வேண்டும் என்பேன். பயிற்றுநர்களும் அதற்கு நேரம் ஒதுக்கட்டும். (படம் பிடிக்கத் தாவல்தான் அழகு என்பது வேறு விஷயம்!)

படகு மெதுவாகச் செல்லட்டும். கைப்பிடி இடுப்பருகே, முழங்கால் சற்று மடங்கி இருக்கட்டும். பழகிய கால் முன்னே வரத் துடிக்கும். இடம் கொடுக்காமல் பத்து விநாடி நேராகச் சென்றாலே முதல் நாளுக்குப் போதும்.