கயிறு வேண்டாம், ஆம்புலன்ஸ் வரட்டும்!

 

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடுவீர்கள். ஒருவர் தாங்கிப் பிடிப்பார். இன்னொருவர் 108-க்குப் போன் செய்வார். அவர் எந்த ஊர், எந்த மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அதே வீதியில் ஒருவர் சட்டையைக் கிழித்துக்கொண்டு, எதிரே இல்லாத யாரையோ திட்டிக்கொண்டு ஓடி வந்தால்? ஷட்டர் இறங்கும். செல்போன்கள் படம் பிடிக்கும். ஒருவர் கயிறு தேடுவார். இன்னொருவர் காவல் நிலையத்தைக் கூப்பிடுவார். 108 மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது!

ஏன் இந்த வேறுபாடு? இருவரும் நோயாளிகள்தானே! ஒருவருக்கு நெஞ்சு அடைத்தது. இன்னொருவருக்குப் புத்தி தடுமாறியது. முதலாமவர் மருத்துவமனைக்குப் போகிறார். இரண்டாமவர் தூணுக்கும், லாக்கப்புக்கும், மந்திரிப்பவர் வீட்டுக்கும் போகிறார். இது நியாயமா?

சட்டம் சொல்வது என்ன?

2017-ல் நாடாளுமன்றம் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உடல் நோயாளிக்கு எப்படி ஆம்புலன்ஸ் வருகிறதோ, அதே முறையில், அதே தரத்தில் மனநோயாளிக்கும் வர வேண்டும் என்று அதன் 21-வது பிரிவு கூறுகிறது. ஆகவே "இது மெண்டல் கேஸ், போலீசைக் கூப்பிடுங்கள்" என்று யாராவது போனை வைத்தால் அது சட்டமீறல்.

94-வது பிரிவு இன்னும் முக்கியமானது. உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். மனநல நிபுணர் வந்த பிறகுதான் தொட வேண்டும் என்பதில்லை. குடும்பத்தார் உடன் இருந்தால் அவர்களின் சம்மதத்தோடு, மலையடிவார ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே சிகிச்சையைத் தொடங்கலாம். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியும் வைக்கலாம்.

காவல்துறைக்கும் கடமை உண்டு. மனம் குழம்பித் தெருவில் அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பில் வைக்கக்கூடாது. வீடு வாசல் தெரியாதவர் என்றால், காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். இது 100-வது பிரிவு. நம் பகுதியில் எத்தனை காவல் நிலையங்களுக்கு இது தெரியும்? ஊர்ப் பெரியவர்களே, அடுத்த முறை அமைதிக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள்!

இன்னொரு பயமும் நம் மக்களைக் கொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் 'கேஸ் ஆகிவிடும்' என்று மூடி மறைக்கிறார்கள். உயிர் போகும் நேரத்தில் மானம் பார்க்கிறார்கள். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 115-வது பிரிவு. 2024 ஜூலை முதல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309-வது பிரிவே இல்லை. அதிகாரியை மிரட்டுவதற்காகச் செய்தால் மட்டுமே குற்றம். எனவே தயங்காதீர்கள், ஓடுங்கள்!

உளறுகிறவர் எல்லாம் பைத்தியமா?

சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் அவரும் உளறுவார், அடிக்கவும் வருவார். மூளைக் காய்ச்சல் வந்தவரும், தலையில் அடிபட்டவரும் உளறுவார்கள். 2024 ஜூனில் கருணாபுரம் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, அந்த மெத்தனாலும் முதலில் புத்தியைத் தடுமாறச் செய்யும்; பார்வையை மங்கச் செய்யும். பார்ப்பவர் 'போதை' என்று ஒதுங்கிவிட்டால் நேரம் போய்விடும். எது நோய், எது விஷம், எது போதை என்று கயிறு கண்டுபிடிக்குமா? மருத்துவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நாள் தவறாமல் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணில் தெரிவார்கள். பேய் பிடித்துவிட்டது என்று கட்டிப்போட்டால் உயிரே போகலாம். குடி ஹராம் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நடுங்கிக் கிடப்பவருக்கு முதலில் தேவை பயான் அல்ல, மருத்துவர்!

கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்று பேசுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு சமுதாயம் முழுவதற்கும் முத்திரை குத்தினால் எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியாதா? அந்த மலையாளிப் பழங்குடி மக்களின் வாழ்நிலை குறித்து 2024-ல் சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம் என்று அவர்கள் கேட்பதெல்லாம் உரிமை. அந்தப் பட்டியலில் மனநல அவசர சிகிச்சையையும் சேர்த்துக் கேட்போம். கீழே கள்ளக்குறிச்சிக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மலைக் கிராமத்தில் இரவு பத்து மணிக்கு மனம் பேதலித்தவர் அங்கே வந்து சேர வழி வேண்டாமா?

சங்கிலி தந்த பாடம்

நமது சமுதாயம் இந்த விஷயத்தில் பிறரைக் கை நீட்டுவதற்கு முன் ஏர்வாடியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவைச் சுற்றி நடத்தப்பட்ட தனியார் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். இன்று எந்த மனநோயாளியையும் எந்த வகையிலும் சங்கிலியிடக்கூடாது என்று 95-வது பிரிவு தடுக்கிறது. ஆனால் வீட்டுக் கொல்லையில் கட்டிப்போடும் பழக்கம் ஒழிந்துவிட்டதா?

2023 பிப்ரவரியில் நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று உயர்நீதிமன்றத்தில் மனுத் தாக்கலான பிறகே விஷயம் வெளியே வந்தது. 2018 மே மாதம் பழவேற்காட்டில், பிள்ளை பிடிக்கிறவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, மனநலம் பாதித்த ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது ஒரு கும்பல். மருத்துவமனைக்குப் போகாத மனநோயாளி எங்கெல்லாம் போய்ச் சேருகிறார் பார்த்தீர்களா?

மார்க்கத்தின் பெயரால் மருந்தைத் தடுப்பவர்கள் வரலாற்றைப் படிக்கட்டும். ஹலப் நகரில் 1354-ல் கட்டப்பட்ட அர்கூன் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனிப் பகுதி இருந்தது. எடிர்னேயில் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488-ல் எழுப்பிய மருத்துவமனையில் நீரோசையும் இசையும் கூடச் சிகிச்சையாக இருந்தன. புத்தி பேதலித்தவர் மீது தொழுகையையே கடமையாக்காத மார்க்கம் நம்முடையது. அல்லாஹ் சுமத்தாதவரை நாம் அடிப்பதா? துஆ செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். ஆம்புலன்ஸில் உடன் உட்கார்ந்து துஆ செய்யுங்கள்!

இனி செய்ய வேண்டியது

கூட்டத்தைக் கலையுங்கள். செல்போனைப் பையில் வையுங்கள். அவருக்குத் தெரிந்த ஒருவர் மட்டும், சற்றுத் தள்ளி நின்று, தாழ்ந்த குரலில் பேசட்டும். "நீ பார்ப்பது பொய்" என்று வாதாட வேண்டாம். கைக்கு எட்டும் கத்தி, கம்பி, பாட்டில்களை அப்புறப்படுத்துங்கள். 108-ஐக் கூப்பிட்டு, "நோயாளி" என்று சொல்லுங்கள். ஆயுதம் இருந்தால் மட்டும் காவல்துறையும் வரட்டும், மருத்துவப் பணியாளரோடு வரட்டும். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற சீட்டைத் தேடி எடுத்துக் கொடுங்கள். ஆலோசனைக்கு அரசின் 14416 எண் இரவு பகலாக இயங்குகிறது. அதைக் கடைக் கல்லாவிலும் பள்ளிவாசல் பலகையிலும் எழுதி வையுங்கள்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987-ல் மனநோயாளி ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே அதற்கெனப் பயிற்சி பெற்ற காவலர் குழு அமைந்தது. கேட்டதால் கிடைத்தது! நாமும் கேட்போம். 108 ஊழியர்களுக்கும் காவலர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும். மலைக்கென இரவும் நிற்கும் வண்டி வேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுப்போம். மலைவாழ் சகோதரர்களையும் அழைத்துக்கொண்டு கொடுப்போம்.

கொரோனா காலத்தில் சொந்தங்களே தொட அஞ்சிய உடல்களைச் சுமந்தவர்கள் நமது இளைஞர்கள். உயிர் போன உடலைச் சுமக்கத் துணிந்த அந்தக் கைகளுக்கு, உயிரோடு தவிக்கும் ஒருவரைப் பிடித்து ஆம்புலன்ஸில் ஏற்றத் துணிவு வராதா? நமது சமுதாய ஆம்புலன்ஸ்களை ஓட்டுவோர் முதலில் இந்தப் பயிற்சியைப் பெறட்டும். வருகிற ஜும்ஆவுக்குப் பின் பத்துப் பேர் அமர்ந்து பேசுங்கள். பெயர்களை எழுதுங்கள். வேலையைத் தொடங்குங்கள்!