உள்ளிருக்கும் காவலரை உறங்கச் செய்யலாமா?

நோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது மருந்து. மருந்து என்றதும் நினைவுக்கு வருவது தெருமுனை மருந்துக் கடை. ஆனால் எந்த மருந்தும் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, நம்முடன் பிறந்த காவற்படை ஒன்று நம் உடலுக்குள் இருக்கிறது. அதையே பிறவி நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம். அப்படையை நாமே உறங்கச் செய்துவிடும் ஒரு வழக்கம் நம் வீடுகளில் பெருகி வருகிறது. அது தவறு என்பதே எங்கள் கருத்து.

இக்காவலரை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப். 1882-ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில், நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் அவர் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் முள்ளைச் சுற்றி அணுக்கள் கூடி நின்றன! பின்னர், நீரில் வாழும் மிகச் சிறிய உயிரி ஒன்றினுள் ஊசி போன்ற பூஞ்சை வித்துகள் புகுவதையும், அணுக்கள் அவற்றைச் சூழ்ந்து விழுங்குவதையும் கண்டார். அணுக்கள் வென்றால் அவ்வுயிரி பிழைத்தது. பூஞ்சை வென்றால் மாண்டது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1996-இல் பிரான்சு நாட்டில் ஹாஃப்மன் குழுவினர், 'டோல்' என்னும் மரபணு பழுதான பழ ஈக்கள் பூஞ்சையை எதிர்க்க முடியாமல் மடிவதைக் காட்டினர். அதற்கான சிறப்பு 2011-ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவரையும் சேர்ந்தது.

நம் உடலில் இக்காவல் எவ்வாறு நடைபெறுகிறது? முதல் மதில் நம் தோல். அதைத் தாண்டும் பூஞ்சையின் மேற்சுவரில் பீட்டா-குளுக்கான் என்னும் சர்க்கரைப் பொருள் உண்டு. நம் உடலில் அது இல்லை. ஆகவே வெள்ளணுக்கள் அதைத் தொட்டவுடன் "இவன் அந்நியன்!" என்று அறிந்துகொள்கின்றன. சில வெள்ளணுக்கள் பகைவனை விழுங்குகின்றன. சில தம் உடலுக்குள் இருக்கும் நூலையே வலையாக வீசிப் பிடிக்கின்றன. பிறகு வரும் சிறப்புப் படைக்குச் செய்தி அனுப்புவதும் இவர்களே. தோல் சிவப்பதும் அரிப்பதும் பெரும்பாலும் இந்தப் போரின் அடையாளங்கள்.

இனி மருந்துக்கு வருவோம். பூஞ்சையின் அணு அமைப்பு நம் அணுவை ஒத்திருப்பதால், நம்மை வருத்தாமல் அதை மட்டும் கொல்லும் மருந்துகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று டெர்பினாஃபின். படர்தாமரையை முன்பெல்லாம் சில வாரங்களில் குணமாக்கிய மருந்து அது. இன்று இந்தியாவில் பரவலாகக் காணப்படும், 2020-இல் 'டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே' என்று பெயர் சூட்டப்பட்ட பூஞ்சை பல நேரங்களில் அதற்கு அடங்குவதில்லை. அம்மருந்து தாக்கும் நொதியைப் பூஞ்சை சிறிது மாற்றிக்கொண்டது. பூட்டு மாறிவிட்டால் பழைய சாவி என்ன செய்யும்?

ஆனால் தோழியரே, நம் காவலர் அந்தப் பூட்டை நம்பி இருப்பவர் அல்லர். மருந்து தோற்ற இடத்திலும் அவர் மதிற்சுவரைப் பார்த்தே பகைவனை இனம் காண முடியும். அப்படிப்பட்ட துணைவரையா நாம் உறங்கச் செய்வது?

ஆம், அதைத்தான் செய்கிறோம்! மருத்துவரைப் பாராமல் கடையில் வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தடவியவுடன் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். "என்ன அருமையான மருந்து!" என்று மகிழ்கிறோம். அடங்கியது நோயன்று, காவலரின் குரல். பூஞ்சை சத்தமின்றிப் பரவுகிறது. களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் பெரிதாகத் தோன்றுகிறது. அரைகுறையாகத் தடவும் மருந்து, எதிர்த்து நிற்கும் பூஞ்சைகளை மிஞ்ச விடுகிறது. ஒரே துண்டு, ஒரே படுக்கை வழியாக வீடு முழுவதும் தொற்றுகிறது.

ஸ்டீராய்டே கூடாதா என்று கேட்கலாம். அப்படியன்று. கொரோனாக் காலத்தில் மூச்சுத் திணறிய பலரை அது காப்பாற்றியது. ஆனால் அதே 2021-இல், சர்க்கரை நோயுடன் ஸ்டீராய்டும் சேர்ந்து காவலரைத் தளர்த்தியபோது, நம் நாட்டில் 40,000-க்கும் மேற்பட்டோரைக் கருப்புப் பூஞ்சை தாக்கியதே! கத்தி மருத்துவர் கையில் இருப்பது வேறு, குழந்தை கையில் இருப்பது வேறு.

மருத்துவரிடம் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பது பல தாய்மாரின் கவலை. அது நியாயமான கவலைதான். ஆனால் மாதக்கணக்கில் களிம்பு வாங்கும் செலவையும் கூட்டிப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் கட்டணமின்றியே பார்க்கிறார்கள். மற்றொரு தடை, வெட்கம். படர்தாமரை இடுப்பிலும் தொடையிலும் வருவதால் நம் போன்ற பெண்கள் தாயிடமும் சொல்லக் கூசுகிறோம். தோழியின் வீட்டுக் களிம்பை இரகசியமாகத் தடவிக்கொள்கிறோம். தலைவலியைச் சொல்ல வெட்கமில்லை. இதைச் சொல்ல மட்டும் ஏன் வெட்கம்?

எனவே அன்னையரே, மகள் கூச்சத்துடன் சொல்லும்போது கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். அன்புச் சகோதரிகளே, ஆசிரியைகளே, சுகாதார வகுப்பில் இதை வெளிப்படையாகக் கற்பியுங்கள். தோழியரே, ஈர உடையை உடனே மாற்றுவோம். துண்டைத் தனித்தனியே வைத்துக்கொள்வோம். மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை விடாமல் பயன்படுத்துவோம். பெயர் தெரியாத களிம்பு வேண்டவே வேண்டாம்! காவலர் விழித்திருக்கட்டும், நாமும் விழித்திருப்போம்.