தொண்ணூற்றொன்பதில் நின்றவர்

முகமது அசாருதீன் ஆடிய டெஸ்ட் போட்டிகள் 99. கடைசி டெஸ்ட் 2000 மார்ச்சில் பெங்களூரில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. இந்தியா இன்னிங்ஸ் தோல்வி கண்ட அந்த ஆட்டத்திலும் அவர் 102 ஓட்டங்கள் எடுத்தார். முதல் டெஸ்டிலும் கடைசி டெஸ்டிலும் சதமடித்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவரை நாம் எந்தப் பட்டியலில் வைப்பது என்று கால் நூற்றாண்டாகியும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்ய நம்மிடம் எதுவும் தரப்படவில்லை என்பதே என் மனக்குறை.

அறிமுகத் தொடரின் மூன்று டெஸ்டுகளில் மூன்று சதங்கள்: கல்கத்தா, சென்னை, கான்பூர். சேப்பாக்கத்தில் நடந்தது 1985 பொங்கலை ஒட்டி. ஃபவுலர் 201, கேட்டிங் 207 என்று இங்கிலாந்து நம்மைப் புரட்டிப் போட்ட ஆட்டம் அது. அசாருதீன் 48, 105. கிரிக்கெட் மைதானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன்கள், அதற்குப் பிறகு காய்ந்த கண்மாய்களில் ரப்பர் பந்தை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே இருந்து இழுத்து மிட்விக்கெட்டுக்குத் திருப்பப் பார்த்து ஸ்டம்பைப் பறிகொடுத்தார்கள். அந்த மணிக்கட்டு யாருக்கும் வாய்க்கவில்லை. அவர் பந்தை அடித்தார் என்று சொல்ல நா எழாது; போகிற பந்துக்கு வேறு வழி காட்டினார்.

2000 ஏப்ரலில் டெல்லி போலீஸ் ஹன்சி குரோனியேவின் தொலைபேசி உரையாடலை வெளியிட்டது. ஜூனில் நீதிபதி கிங் ஆணையத்தின் முன் குரோனியே சாட்சியம் அளித்தார். 1996இல் கான்பூரில் ஒரு சூதாட்டத் தரகரைத் தனக்கு அறிமுகம் செய்து வைத்தவர் அசாருதீன் என்றார். நவம்பரில் வெளியான சிபிஐ அறிக்கை, அசாருதீன் பணம் பெற்று ஆட்ட முடிவுகளில் கை வைத்ததாகக் கூறியது. அவர் மறுத்தார். வாரியம் நியமித்த கே.மாதவன் விசாரித்து அறிக்கை தந்தார். டிசம்பர் 5 அன்று ஆயுள் தடை. ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் இடையில் 16 ஆண்டு ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே விசாரணை ஊரறிய நடந்தது. தங்கள் தலைவன் கேள்விகளுக்குத் திணறியதையும் கண் கலங்கியதையும் அந்த மக்கள் நேரில் கண்டார்கள். 2002இல் குரோனியே விமான விபத்தில் இறந்தபோது எதற்காக அழுகிறோம், எதை மன்னிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கோ ஓர் அறிக்கை, ஒரு மூடிய அறை, ஒரு பத்திரிகையாளர் கூட்டம்.

கிரிக்கெட் வாரியம் அரசுத் துறை அல்ல. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். நம் ஊர் வாசகசாலைக்கும் அதற்கும் சட்டத்தின் பார்வையில் குலம் ஒன்றுதான்! தடை விதிக்கப்பட்டபோது அதன் தலைவர் ஏ.சி.முத்தையா. எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டினால் வரும் கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்தவர். அசாருதீன் இரண்டாவது சதமடித்த சேப்பாக்கம் மைதானம் அவருடைய தந்தை எம்.ஏ.சிதம்பரத்தின் பெயரைத் தாங்கியது. இதில் குற்றம் காண ஏதுமில்லை. கிரிக்கெட் எவ்வளவு சிறிய வட்டத்துக்குள் ஆளப்பட்டது என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வட்டம் ஆட்டக்காரனைத் தண்டித்தபோது காட்டிய வேகத்தைத் தன்னையே விசாரித்தபோது காட்டவில்லை. ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தில் குருநாத் மெய்யப்பன் 2013இல் கைதானார். சென்னை அணிக்கு இரண்டாண்டு இடைநீக்கம் வர 2015 ஜூலை ஆயிற்று, அதுவும் உச்சநீதிமன்றம் தலையிட்டு அமைத்த லோதா குழுவால்.

அசாருதீன் வழக்குத் தொடுத்தார். ஹைதராபாத் சிவில் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. 2012 நவம்பர் 8 அன்று ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் அது சட்டப்படி செல்லாது என்றது. அப்போது அவருக்கு வயது 49. நூறாவது டெஸ்டை எந்த நீதிமன்றமும் தர முடியாது. இதற்கிடையே 2009இல் மொராதாபாத் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 2019இல் ஹைதராபாத் கிரிக்கெட் சங்கத் தலைவர், 2025 அக்டோபரில் தெலங்கானா அமைச்சர்.

நம் இலக்கிய நண்பர்களுக்கு இந்த இடத்தில் கர்ணன் நினைவுக்கு வந்துவிடுகிறான். வீழ்ந்த நாயகன், விதி, 99 என்னும் குறியீடு! எனக்கு இதில் உடன்பாடில்லை. விற்கப்பட்ட ஆட்டம் என்று ஒன்று இருந்தால், அதில் ஏமாந்தவர்கள் உடன் ஆடிய பத்துப் பேரும், வெயிலில் நின்று சீட்டு வாங்கியவர்களும். அவர்களைக் காவியத்தில் யாரும் சேர்ப்பதில்லை. அதே வேளையில், திறந்த விசாரணையில் நிரூபிக்கப்படாத ஒன்றுக்காக ஒரு மனிதரை ஆயுள் முழுக்கச் சுட்டிக்காட்டவும் எனக்கு உரிமையில்லை. சிறுபான்மையினன் என்பதால் குறிவைக்கப்படுகிறேன் என்று அவர் 2000இல் சொல்லி, பின்னர் வருத்தமும் தெரிவித்தார். கதவைத் திறந்துவைத்து விசாரித்திருந்தால் அந்த வார்த்தைக்கு இடமே இருந்திராது.

சிபிஐ அன்று குற்ற வழக்குக்குப் போகாததற்குக் காரணம், ஆட்டத்தை விற்பதைக் குற்றமாக்கும் தனிச்சட்டம் நம்மிடம் இல்லை என்பது. ஸ்ரீசாந்த் கதையில் இதன் விசித்திரத்தைப் பார்க்கலாம். 2015இல் டெல்லி நீதிமன்றம் அவரைக் குற்ற வழக்கிலிருந்து விடுவித்தது. வாரியத்தின் ஆயுள் தடை தொடர்ந்தது. 2019இல் உச்சநீதிமன்றம் அந்தத் தண்டனை அதிகம் என்றது. தடை ஏழாண்டாகக் குறைந்து 2020 செப்டம்பரில் முடிந்தது. 37 வயது வேகப்பந்து வீச்சாளர் அதற்குப் பிறகு என்ன செய்வார்? கர்நாடக உயர்நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஆட்ட நிர்ணயம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவுக்குள் வராது என்றே தீர்ப்பளித்தது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கை 2019 நவம்பரிலேயே இதைப் பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கிவிட்டது. எங்கள் கோட்டைப்பட்டினக் கரையிலிருந்து யாழ்ப்பாணம் அப்படியொன்றும் தூரமில்லை.